கூலியை ஜப்தி செய்ய முடியாது, சம்பளத்தைச் செய்யலாம்: தீர்ப்புத் தொகை வசூலிப்பில் உழைப்பவரின் இடம் எது?

கடன் வழக்கிலோ, இழப்பீட்டு வழக்கிலோ, ஜீவனாம்ச வழக்கிலோ தீர்ப்புப் பெற்ற ஒருவர், அந்தத் தொகையை எதிராளியின் மாதச் சம்பளத்திலிருந்தே பிடித்துக்கொள்ள நம் நாட்டுச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. சட்ட மொழியில் அதற்குச் சம்பளப் பற்றுகை என்று பெயர். மக்கள் வாயில் அது ‘சம்பள ஜப்தி’. தலித் மக்கள் இந்த வழிமுறையை இரண்டு நிலைகளில் எதிர்கொள்கிறார்கள். கடன் கொடுத்தவர் ‘உன் கூலியைப் பிடித்துவிடுவேன்’ என்று மிரட்டும்போது கடனாளியாக. தங்களுக்கு இழைக்கப்பட்ட தீங்குக்கு நீதிமன்றம் அறிவித்த பணம் ஆண்டுக்கணக்கில் கைக்கு வராமல் இருக்கும்போது தீர்ப்புப் பெற்றவராக. முதல் நிலையில் சட்டம் தரும் பாதுகாப்பு பலருக்குத் தெரிவதில்லை. இரண்டாம் நிலையில் அது தரும் ஆயுதத்தை எடுத்துப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு. இவ்விரண்டையும் சேர்த்தே விளக்குவது நம் நோக்கம்.

புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் வட்டத்திலுள்ள அரிமளத்தை எடுத்துக்கொள்வோம். அது ஒரு பேரூராட்சி. அதே பெயரில் ஊராட்சி ஒன்றியமும் உண்டு. இது போன்ற ஊரின் குடியிருப்புகளில் வயல் கூலி, கட்டட வேலை, மரம் வெட்டு, நூறு நாள் வேலை, துப்புரவுப் பணி என்றுதான் பெரும்பாலான வருமானங்கள் அமைகின்றன. சிலர் திருப்பூருக்குப் போகிறார்கள், சிலர் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். மிகச் சிலரே ஆசிரியராகவோ காவலராகவோ அரசுச் சம்பளம் வாங்குகிறார்கள். மருத்துவச் செலவுக்கும் கல்யாணத்துக்கும் வாங்கிய கடனுக்காகக் கையெழுத்திட்ட வெற்று புரோ நோட்டு, வெற்றுக் காசோலை, சில இடங்களில் ஏ.டி.எம். அட்டை ஆகியவை கடன் கொடுத்தவர் கையில் இருக்கும். வழக்கு என்று வந்தால் திருமயம் நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டும். ஒருநாள் வாய்தா என்பது ஒருநாள் கூலி இழப்பு. ஆகவே பலர் போவதில்லை. ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு ஆகிவிடுகிறது. அதன்பிறகு அமீனா வீட்டு வாசலில் வந்து நிற்கும்போதுதான் வழக்கு நடந்ததே தெரியவருகிறது.

இந்த இடத்தில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908. அதன் 60ஆம் பிரிவு, தீர்ப்பாணைக்காகக் கடனாளியின் எந்தெந்தச் சொத்தைப் பற்றலாம், எதைப் பற்றக்கூடாது என்று வரையறுக்கிறது. பற்றக்கூடாதவற்றின் பட்டியலில் (எச்) என்ற கூறு இருக்கிறது. தொழிலாளர்களின் கூலியும் வீட்டு வேலை செய்வோரின் கூலியும், அது பணமாகத் தரப்பட்டாலும் பொருளாகத் தரப்பட்டாலும், பற்றுகைக்கு உட்படாது என்கிறது அக்கூறு. இதில் வரம்பு எதுவும் இல்லை. மூன்றில் ஒரு பங்கு, பாதி என்ற கணக்கெல்லாம் கூலிக்குக் கிடையாது. முழுக் கூலிக்கும் விலக்கு. கூலி என்பதில் போனசும் அடங்கும் என்றும், தொழிலாளி என்பதில் திறன் பெற்றவர், ஓரளவு திறன் பெற்றவர், திறன் பெறாதவர் என எல்லோரும் அடங்குவர் என்றும் அதே பிரிவின் விளக்கக் குறிப்பு தெளிவுபடுத்துகிறது. கொத்தனாரும் சித்தாளும் இந்தப் பாதுகாப்பில் சமமே.

கூலி கைக்கு வரும் முன்பும் இந்த விலக்கு உண்டு, வரவேண்டிய நிலையை அடைந்த பின்பும் உண்டு. ஆகவே மேஸ்திரியிடமோ ஒப்பந்தக்காரரிடமோ போய் ‘இவனுக்குத் தரவேண்டியதை என்னிடம் கொடு’ என்று ஒரு கடன்காரர் கேட்டால் அதற்குச் சட்டத்தின் ஆதரவு இல்லை. நீதிமன்றமே செய்ய முடியாத ஒன்றைத் தனிமனிதர் செய்ய முனைகிறார் என்றே அதைக் கொள்ள வேண்டும்.

அதே பிரிவின் (1ஏ) உட்பிரிவு இன்னும் முக்கியமானது என்று நாம் கருதுகிறோம். ‘எனக்குச் சட்டம் தரும் விலக்கை நான் விட்டுக்கொடுக்கிறேன்’ என்று கடனாளி எழுதிக்கொடுத்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது என்கிறது அது. கடன் கொடுக்கும்போதே பத்துத் தாள்களில் கையெழுத்து வாங்கும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. அந்தத் தாள்களில் பின்னால் என்ன எழுதப்பட்டாலும், கூலிக்கு உள்ள விலக்கை அதனால் பறிக்க முடியாது. (கூட்டுறவுச் சங்கக் கடனுக்குச் சம்பளத்திலிருந்து பிடிக்க ஒப்புதல் தருவது தனிச் சட்டத்தின்கீழ் வருவது; அதை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.)

கூலிக்கு மட்டுமல்ல. உடுத்தும் உடை, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், உழவரின் ஏர், மாடு, விதைநெல், விவசாயியோ கூலித் தொழிலாளியோ வீட்டு வேலை செய்பவரோ தம் சொந்த வீட்டில் குடியிருந்தால் அந்த வீடு, வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதியம், பணிக்கொடை ஆகியவையும் பற்றுகைக்கு அப்பாற்பட்டவை. அமீனா வந்து பாத்திரத்தைத் தூக்கிப்போவார் என்று மிரட்டுவது வெறும் மிரட்டல்தான். ஆனால் அடமானம் வைத்த வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு கைகொடுக்காது. பத்திரத்தை ஈடு வைக்கும் முன்பு இதை யோசிக்க வேண்டும்.

துப்புரவுப் பணியாளர் வாங்குவது கூலியா, சம்பளமா?

சட்டத்தின் நுட்பம் இங்கேதான் தொடங்குகிறது. கூலி முழுவதற்கும் விலக்கு என்றால், சம்பளத்துக்கு ஒரு பகுதி விலக்குதான். 60ஆம் பிரிவின் (ஐ) கூற்றின்படி, ஜீவனாம்சம் அல்லாத தீர்ப்பாணைகளில், மாதச் சம்பளத்தின் முதல் 1,000 ரூபாயும், எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கும் பற்றுகையிலிருந்து விலக்கப்பட்டவை. மீதமுள்ள மூன்றில் ஒரு பங்கைப் பிடிக்கலாம். விலக்களிக்கப்பட்ட படிகளைக் கழித்துவிட்டு 25,000 ரூபாய் சம்பளம் வாங்குபவரை எடுத்துக்கொண்டால், முதல் 1,000 போக 24,000. அதில் மூன்றில் ஒரு பங்கு 8,000. மாதம் 8,000 ரூபாய்வரை பிடிக்க நீதிமன்றம் ஆணையிடலாம்.

பேரூராட்சியில் நிரந்தரப் பணியிலிருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கு மாதந்தோறும் சம்பளப் பட்டியல் போடப்படுகிறது. உள்ளாட்சி அமைப்பின் ஊழியர் என்பதால் அவருடைய சம்பளத்தையும் பற்றலாம் என்று கடன்காரரின் வழக்கறிஞர் மனுப் போடுவார். இதற்கு மறுப்பே சொல்லாமல் விட்டால் ஆணை பிறந்துவிடும். ஆனால் மாதந்தோறும் தரப்படுகிறது என்பதால் மட்டும் ஒரு வருமானம் கூலி என்ற தன்மையை இழந்துவிடாது. உடலுழைப்பே அந்தப் பணியின் சாரம் என்றால், அவர் (எச்) கூற்றில் சொல்லப்பட்ட தொழிலாளி, அவர் பெறுவது கூலி என்று வாதிட வலுவான இடம் இருக்கிறது. விளக்கக் குறிப்பு ‘திறன் பெற்ற தொழிலாளி’ என்றுகூடச் சொல்லியிருக்கும்போது, தெருவைப் பெருக்குகிறவரும் சாக்கடையை அள்ளுகிறவரும் அதற்குள் வரமாட்டார் என்று சொல்வதற்கு நியாயம் இல்லை. துப்புரவுத் தொழிலாளர்களுக்காக ஆஜராகும் வழக்கறிஞர்கள் இந்த வாதத்தை எழுத்துமூலம் வைக்க வேண்டும். விலக்கைக் கோராதவருக்கு நீதிமன்றம் தானாக அதை வழங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

நூறு நாள் வேலைக் கூலி, களையெடுப்புக் கூலி, செங்கல் சூளைக் கூலி ஆகியவற்றில் இந்த ஐயத்துக்கே இடமில்லை. அவை கூலியே.

வழக்கு நடந்ததே தெரியாமல் தீர்ப்பாகிவிட்டது என்றால், அதை ரத்துசெய்யக் கோரிக் கட்டளை 9 விதி 13இன்கீழ் மனுத் தாக்கல் செய்யலாம். காலவரம்பு 30 நாள். அழைப்பாணை முறையாகச் சார்வு செய்யப்படாதிருந்தால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாளைக் கணக்கிட வேண்டும். அமீனா வந்த தேதியைக் குறித்துவைக்கச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு மிரட்டல் சிறை. கடனைக் கட்டாவிட்டால் ஜெயில் என்பது பொதுவான நம்பிக்கை. உரிமையியல் சிறை என்று ஒன்று சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் 51ஆம் பிரிவின்படி, கட்ட வசதியிருந்தும் கட்ட மறுக்கிறார், சொத்தை மறைக்கிறார், தலைமறைவாகப் பார்க்கிறார் என்பன போன்ற காரணங்கள் மெய்ப்பிக்கப்பட வேண்டும். 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், வறுமையால் கடன் கட்ட இயலாதவரைச் சிறையில் அடைப்பது அரசமைப்பின் 21ஆம் பிரிவுக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். பணத் தீர்ப்பாணைக்காகப் பெண்களைக் கைதுசெய்யவே முடியாது. 56ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. தொகை 2,000 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் யாரையும் சிறையில் வைக்க முடியாது. காசோலை மோசடி வழக்கு மட்டும் வேறு வகை. அது குற்ற வழக்கு, அதில் தண்டனை உண்டு. வெற்றுக் காசோலையில் கையெழுத்திடுவது வெற்று புரோ நோட்டில் கையெழுத்திடுவதைவிட ஆபத்தானது என்பது இதனால்தான்.

கடனே இல்லாமல் போகும் கடன்

கடன் உண்மையானதா என்ற கேள்வியைக் கேட்காமல் ஜப்தியைப் பற்றி மட்டும் பேசுவது முழுமையாகாது. முன்பணம் கொடுத்து, அதைக் கழிக்கும்வரை வேறு எங்கும் வேலைக்குப் போகக் கூடாது என்று நிறுத்திவைத்தால் அது கொத்தடிமை முறை. குறிப்பிட்ட சாதியில் பிறந்த காரணத்துக்காகக் கூலியில்லாமலோ பெயரளவுக் கூலிக்கோ உழைக்க வைப்பதும் கொத்தடிமை முறைக்குள் அடங்கும் என்று 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின் வரையறையே சொல்கிறது. அச்சட்டத்தின் 6ஆம் பிரிவு கொத்தடிமைக் கடன் அனைத்தையும் ஒழித்துவிட்டது. அதை வசூலிக்க எந்த உரிமையியல் நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது. சட்டம் வருவதற்கு முன்பே பெற்று நிலுவையிலிருந்த தீர்ப்பாணைகள்கூட முழுவதும் தீர்க்கப்பட்டவையாகக் கொள்ளப்பட்டன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது 15ஆம் பிரிவு. இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அப்படி அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவரைச் சாரும். பொதுவான கடன் வழக்கில் கையெழுத்திட்ட தாளே பேசும். இங்கே அந்தத் தாள் தானாகப் பேசாது. பட்டியல் சாதியினரைக் கொத்தடிமையாக வைத்திருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவும் சேரும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்புதான் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் கூறியிருப்பதையும் இதனோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. இருந்தும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே ஒரு குடும்பம் தீக்குளித்ததை நாம் மறக்கவில்லை.

சம்பளம் வாங்குபவர் எதிராளியாக இருக்கும்போது

இனி மறுபக்கம். தலித் மக்கள் தீர்ப்புப் பெற்றவர்களாக இருக்கும் வழக்குகளில், எதிராளி பல நேரங்களில் சம்பளம் வாங்குபவர்தான்: விட்டுச்சென்ற கணவர், அடித்த காவலர், நிலத்தை ஏமாற்றி வாங்கிய ஊழியர். வயலோ வீடோ யார் பெயரில் இருக்கிறது என்று தேடி அலைவதைவிடச் சம்பளத்தைப் பற்றுவது எளிது. சம்பளத்தை மைத்துனர் பெயருக்கு எழுதிவைக்க முடியாது.

இதற்குரிய விதிகள் கட்டளை 21இல் இருக்கின்றன. எதிராளி அரசு, ரயில்வே அல்லது உள்ளாட்சி ஊழியர் என்றால் விதி 48. அவர் எந்த ஊரில் வேலை பார்த்தாலும் சரி, தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்றமே ஆணையிடலாம். திருமயத்தில் பெற்ற ஆணை சென்னையிலுள்ள சம்பளம் வழங்கும் அலுவலரைக் கட்டுப்படுத்தும். தனியார் நிறுவன ஊழியர் என்றால் 1976இல் சேர்க்கப்பட்ட விதி 48ஏ. இதில் ஒரு வேறுபாடு உண்டு. சம்பளம் வழங்கும் அலுவலர் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருக்க வேண்டும். எதிராளி திருப்பூர்ப் பனியன் நிறுவனத்தில் இருந்தால், தீர்ப்பாணையை முதலில் திருப்பூர் நீதிமன்றத்துக்கு மாற்றக் கோர வேண்டும். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவரின் சம்பளத்தை இங்கிருந்து நேரடியாகப் பற்ற இயலாது. அவருடைய ஊர் வங்கிக் கணக்கையும் நிலத்தையும்தான் பார்க்க வேண்டும்.

ஆணை பெற்றபின் பிடித்தம் செய்யாமல் முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிட்டால், கொடுத்த அரசோ நிறுவனமோ அந்தத் தொகைக்குத் தானே பொறுப்பாகும். அலுவலகக் கணக்குப் பிரிவில் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்லி அனுப்பினால் இந்த விதியை எழுத்தில் சுட்டிக்காட்ட வேண்டும்.

மனுவில் எதிராளியின் பதவி, அலுவலகம், சம்பளம் வழங்கும் அலுவலர், சம்பள விவரம் ஆகியவை தேவைப்படும். அரசு ஊழியர் என்றால் இதை அறிய எளிய வழி இருக்கிறது. ஒவ்வோர் அலுவலரும் ஊழியரும் பெறும் மாத ஊதியத்தைத் தானாக முன்வந்து வெளியிட வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(பி)(10) பொது அதிகார அமைப்புகளைக் கட்டாயப்படுத்துகிறது. தனியார் ஊழியர் என்றால், சொத்து விவரத்தைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய எதிராளியைக் கட்டாயப்படுத்தும்படி கட்டளை 21 விதி 41இன்கீழ் கேட்கலாம். அதை மீறினால் மூன்று மாதம்வரை உரிமையியல் சிறை உண்டு.

சம்பளப் பற்றுகையில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஒரே தீர்ப்பாணைக்காகச் சம்பளம் மொத்தம் 24 மாதம் பற்றப்பட்டுவிட்டால், அதன்பிறகு அந்தத் தீர்ப்பாணைக்காக அச்சம்பளத்தைத் தொடவே முடியாது. மேலே சொன்ன கணக்கின்படி மாதம் 8,000 என்றால் 24 மாதத்தில் 1,92,000 ரூபாய். தீர்ப்பு 3 லட்சத்துக்கு என்றால், எஞ்சியதை வேறு சொத்தில்தான் தேட வேண்டும். ஆகவே பெரிய தொகைத் தீர்ப்புகளில் சம்பளத்தை மட்டும் நம்பியிருப்பது சரியல்ல. வங்கிக் கணக்கு, வாகனம், நிலம் ஆகியவற்றுக்கும் உடனடியாக மனுச் செய்ய வேண்டும். தீர்ப்பை நிறைவேற்றக் கோருவதற்கான மொத்தக் காலவரம்பு 12 ஆண்டுகள்.

ஜீவனாம்சத்துக்குக் கணக்கு வேறு. அங்கே சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே விலக்கு. மூன்றில் இரண்டு பங்கைப் பிடிக்கலாம். அதே 25,000 ரூபாய்ச் சம்பளத்தில் 16,666 ரூபாய்வரை. 24 மாத வரம்பும் இதற்கு விதிக்கப்படவில்லை. சாதி மறுப்புத் திருமணம் செய்து, பின்னர் குடும்பத்தின் அழுத்தத்தால் கைவிடப்படும் தலித் பெண்களின் வழக்குகளில் இது நேரடியாகப் பயன்படும். ஜீவனாம்ச ஆணையைப் பணத் தீர்ப்பாணையைப் போலவே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் வழிகளிலும் நிறைவேற்றலாம் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இரு தரப்பும் வருமான விவரத்தை வாக்குமூலமாகத் தர வேண்டும் என்றும் விதித்திருக்கிறது.

கூலி பாக்கிக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கே போகத் தேவையில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்கீழ் மூன்றாண்டுகளுக்குள் கோரிக்கை மனுத் தரலாம். பாக்கியோடு அதன் பத்து மடங்குவரை இழப்பீடும் வழங்க அதிகாரிக்கு உரிமை உண்டு. நிலவரி பாக்கியைப் போல ஆட்சியர் மூலம் வசூலிக்கும் வழியும் அதில் இருக்கிறது. ஜப்தி மனுவுக்கு அலைவதைவிட இது குறுகிய பாதை. ஒப்பந்தக்காரர் கொடுக்காவிட்டால் நிறுவனமே பொறுப்பு.

அரசு முன்னே கொடுத்து, பின்னே பிடித்தல்

எதிராளி காவலராகவோ அதிகாரியாகவோ இருக்கும்போது, அவர் சம்பளத்திலிருந்து மாதாமாதம் சிறுகச் சிறுக வரட்டும் என்று பாதிக்கப்பட்டவர் காத்திருப்பது அநீதி. அரசு முழுத் தொகையையும் உடனே கொடுத்துவிட்டு, பிறகு ஊழியரிடம் வசூலித்துக்கொள்வதே முறை. மாநில மனித உரிமை ஆணையம் தன் ஆணைகளில் இந்த வழியைத்தான் பின்பற்றுகிறது. ஆணையத்தின் பரிந்துரைகள் வெறும் யோசனை அல்ல, அரசைக் கட்டுப்படுத்துபவை என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. நிகழ்வு நடந்த ஓராண்டுக்குள் ஆணையத்துக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

இதன் மிகப் பெரிய எடுத்துக்காட்டு வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று தர்மபுரி மாவட்டம் அரூர் வட்டத்திலுள்ள அந்தப் பழங்குடிக் கிராமத்தில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் நடத்திய வெறியாட்டத்தில் 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர். 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் தண்டனையை உறுதிசெய்து, அந்த 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாயை அரசு வழங்க வேண்டும், அதில் பாதியை வன்புணர்வுக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று ஆணையிட்டார்.

தலா ஐந்து லட்சம் குற்றவாளிகளின் பணத்திலிருந்து என்பதன் பொருள் பெரிது. அரசுக் கருவூலம் கொடுத்தால் அது நிவாரணம். செய்தவன் கையிலிருந்து போனால்தான் அது தண்டனையின் ஒரு பகுதியாகிறது. ஆனால் 31 ஆண்டுகள் கழித்து வரும் ஆணை யாருடைய சம்பளத்தைத் தொடும்? 1992இல் முப்பது வயதில் பணியிலிருந்தவர் 2023இல் ஓய்வூதியர். சம்பளம் பற்றுகைக்கு உட்படும், ஓய்வூதியம் உட்படாது. ஓய்வூதியப் பணம் வங்கியில் வைப்புத் தொகையாக மாறியபின்னும் அந்த விலக்கு தொடரும் என்று ராதே ஷியாம் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது. அத்தீர்ப்பு முதியவர்களைக் காப்பது. அதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் வழக்கை இழுத்தடிக்கும் ஒவ்வோர் ஆண்டும், பற்றக்கூடிய சம்பளத்தைப் பற்றமுடியாத ஓய்வூதியமாக மாற்றிக்கொண்டே போகிறது என்பது உண்மை. பாதிக்கப்பட்டவர் தனியாகப் போனால் இந்தச் சுவரில் முட்டிக்கொள்வார். அரசுக்கு வேறு வழி இருக்கிறது: கடும் முறைகேட்டில் குற்றவாளி என்று தீர்ப்பான ஊழியரின் ஓய்வூதியத்தை நிறுத்திவைக்கவும் இழப்பை அதிலிருந்து ஈடுசெய்யவும் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978 இடம் தருகின்றன. ஆகவே ‘அரசு கொடு, நீயே பிடித்துக்கொள்’ என்ற கோரிக்கையைத் தொடக்கத்திலேயே மனுவில் எழுதுவது அவசியம்.

வெளிநாட்டு நிலையோடு ஒப்பிட்டால் நம் சட்டத்தின் பலமும் பலவீனமும் தெரியும். அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் பாதுகாப்புச் சட்டம், சாதாரணக் கடனுக்குக் கைக்கு வரும் ஊதியத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்கிறது. வாரத்துக்கு ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் கீழே தொடவும் முடியாது. அங்கே உடலுழைப்புத் தொழிலாளியின் கூலிக்கு முழு விலக்கு என்ற கருத்து கூட்டரசுச் சட்டத்தில் இல்லை. டெக்சாஸ் போன்ற சில மாநிலங்களே தம் அளவில் தடுக்கின்றன. அந்த வகையில் நம் (எச்) கூறு மேலானது. ஆனால் அங்கே ஊதியப் பிடித்தம் அன்றாடம் நடக்கும் நடைமுறை. இங்கே தீர்ப்பு வாங்கியபின்தான் அலைச்சலே தொடங்குகிறது. நிறைவேற்று மனுவை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021இல் ராகுல் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. 2025இல் தமிழ்நாட்டு வழக்கொன்றை முன்வைத்து அதே நீதிமன்றம் நாடு முழுவதும் கணக்கெடுத்தபோது, 8.8 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறைவேற்று மனுக்கள் நிலுவையில் இருந்தன.

இந்த வரிசையில் நிற்கும் தலித் ஒருவர் வழக்கறிஞர் கட்டணம் இல்லை என்பதால் பின்வாங்க வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பு ஏதுமின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். எல்லாப் பெண்களும் அப்படியே. வழக்குப் போடுவதற்கு மட்டுமல்ல, தீர்ப்பை நிறைவேற்றவும் ஜப்தியை எதிர்க்கவும் இந்த உதவி உண்டு. வட்டச் சட்டப் பணிகள் குழுவிலோ புதுக்கோட்டை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்திலோ சாதிச் சான்றிதழோடு மனுத் தரலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். கூலித் தொழிலாளிக்கு ஜப்தி அறிவிப்பு வந்திருந்தால், வேலை அட்டை, நலவாரிய அட்டை, சம்பளச் சீட்டு என்று அவர் உடலுழைப்புத் தொழிலாளி என்பதைக் காட்டும் எதையும் அந்த மனுவோடு முதல் நாளே இணைத்துவிட வேண்டும்.